ஆலூ பாலக்: கறி எடுக்காத நாளுக்கு ஒரு பாகிஸ்தானி வீட்டுச் சமையல்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நம் மாவட்டத்துச் சகோதரர்களிடம், அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிரியாணி, கடாய் கோழி, நிஹாரி, தந்தூரி ரொட்டி என்று பாகிஸ்தானி ஹோட்டல் பட்டியல் ஒன்று வரும். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் விருந்து நாளில் சாப்பிட்டது போய், அன்றாடம் சாப்பிட்டது வெளியே வரும். பருப்பு, கொண்டைக்கடலை, அதோடு 'ஆலூ பாலக்'. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தை எண்ணிச் செலவழிக்கிற மாதக் கடைசியில், ஒரு குப்பூஸோடு பசியாற்றிய வெஞ்சனம் அது.

உர்தூவில் ஆலூ என்றால் உருளைக்கிழங்கு, பாலக் என்றால் கீரை. பெயரிலேயே செய்முறையில் பாதி இருக்கிறது. தேங்காய் அரைக்க வேண்டாம், புளி கரைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம். கீரையை அலசி நறுக்கி வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். குடுமியான்மலை, அன்னவாசல், இலுப்பூர் பக்கத்துச் சந்தைகளில் கிடைக்காத பொருள் இதில் ஏதும் இல்லை.

பாகிஸ்தானின் 'நாகா' நாள்கள்

பாகிஸ்தானியர் சாப்பாடு என்றால் மூன்று வேளையும் கறிதான் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது ஹோட்டலைப் பார்த்து வந்த எண்ணம். அங்குள்ள சாதாரண வீடுகளில் வாரத்தின் பெரும்பகுதி பருப்பும் காய்கறியும்தான் ஓடுகின்றன. அதற்கு வருமானம் முதல் காரணம். அரசு போட்ட ஒரு சட்டமும் இன்னொரு காரணம்.

1947இல் நாடு உருவான சிறிது காலத்திலேயே, ஆடு மாடுகள் தீர்ந்துவிடாமல் இருக்க வாரத்தில் செவ்வாயும் புதனும் கறி இல்லாத நாள்கள் என்று அறிவித்தார்கள். கராச்சியில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த சாரா சுலேரி, 1989இல் வெளிவந்த தம் நினைவு நூலுக்கு 'மீட்லெஸ் டேஸ்' என்று பெயர் வைத்தது இதைக் கொண்டுதான். கறியில்லா நாள்கள் என்று பொருள். கறி வாங்க வசதி உள்ளவர்களிடம் குளிர்ப்பெட்டியும் இருந்ததால், அவர்கள் திங்கட்கிழமையே வாங்கி அடுக்கிக்கொண்டார்கள் என்று அவர் அதில் கிண்டல் செய்கிறார். குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளுக்குச் செவ்வாயும் புதனும் உண்மையிலேயே கறியில்லா நாள்கள்தாம். கறிக்கடைகள் மூடும் அந்த நாளுக்கு 'நாகா' என்று பெயர். ஆலூ பாலக் போன்ற சமையல் அந்த நாள்களுக்கு வெகு பொருத்தம்.

பஞ்சாபில் இது குளிர்காலச் சமையலும்கூட. பாகிஸ்தான் பஞ்சாபின் ஒகாரா வட்டாரம் உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. அங்கே கிழங்கு தோண்டும் பருவமும் கீரை தழைக்கும் பருவமும் குளிர்காலத்தில் ஒன்றாக வருகின்றன. ஒரே நேரத்தில் மலிவாகக் கிடைத்த இரண்டு பொருள்கள் ஒரே சட்டியில் சேர்ந்தன, அவ்வளவுதான். சிந்து மாகாணத்து வீடுகளில் இதே கீரையோடு கடலைப் பருப்பும் வேறு காய்களும் சேர்த்துக் குழைய வேகவைத்து 'சாயி பாஜி' என்று செய்வார்கள். அதுவும் நல்ல சாப்பாடு. ஆனால் நேரம் பிடிக்கும்.

நம் வீடுகளில் கீரைக்கு மதிப்புக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களைப் போன்ற ஆலிம்களை விருந்துக்கு அழைத்துவிட்டுக் கீரை வைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். கீரை இருந்தாலும் அது அடுப்படியில் பெண்களோடு தங்கிவிடுகிறது. ஒரு தையற்காரர் அழைத்த விருந்தில், கறியும் சுரைக்காயும் சேர்ந்த ஆணத்திலிருந்து நபி (ஸல்) அவர்கள் சுரைக்காயைத் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டதை அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். புகாரியில் உள்ள செய்திதான். மிம்பரில் இதைக் கேட்டுத் தலையசைப்பவர்களும் பந்தியில் அமர்ந்தால் சுரைக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

எந்தக் கீரையை வாங்குவது?

இந்தச் சமையலை முதன்முதலாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 'ஸ்பினாச்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் 'பசலைக்கீரை' என்று பொருள் எழுதிவைத்துவிட்டன. சமையல் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்களும் அதையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பிக் கொடிப்பசலையை வாங்கி வந்து ஆலூ பாலக் செய்தால், வெண்டைக்காய் போல வழவழவென்று வந்து நிற்கும். பசலை கூட்டுக்கும் பருப்புக்கும் அருமையான கீரை. ஆனால் அது வேறு செடி, வேறு குடும்பம், இந்தச் சட்டிக்கு ஆகாது.

உண்மையான ஸ்பினாச் பாரசீகப் பகுதியிலிருந்து உலகெங்கும் பரவிய கீரை. பாரசீகச் சொல் அரபியில் 'இஸ்ஃபனாக்' ஆயிற்று. இன்று வளைகுடாக் கடைகளில் உறைய வைத்த கீரைப் பொட்டலத்தின் மேல் 'ஸபானிக்' என்று எழுதியிருப்பதும் அதே சொல்தான். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் அதை விரும்பிப் பயிரிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் செவில்யா நகரில் வேளாண்மை நூல் எழுதிய இப்னுல் அவ்வாம் இதைக் கீரைகளின் தலைவன் என்று குறிப்பிட்டார். அங்கிருந்துதான் ஐரோப்பிய மொழிகளுக்கும் பெயர் போனது. இதன் இலை மென்மையானது, அம்பு முனை போன்ற வடிவம், வேர்ப் பக்கத்துத் தண்டில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும்.

நம் கடைகளில் 'பாலக்' என்று கட்டுக் கட்டாக வருவது பெரும்பாலும் அதுவல்ல. அது பீட்ரூட்டின் நெருங்கிய உறவு. இலை அகலமாக, தடித்து, ஓரம் வெட்டில்லாமல் இருக்கும். காம்பு நீளம். இரண்டும் தூரத்து உறவுதான், சுவையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்பினாச் சீக்கிரம் குழையும், நம்மூர்ப் பாலக் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகக் கேட்கும். ஆகவே தயங்காமல் இதை வாங்கலாம்.

புதுக்கோட்டைச் சீமைக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஸ்பினாச் குளிர் விரும்பும் செடி. வெயிலும் பகல் நீளமும் கூடினால் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூத்தண்டு போட்டுவிடும். பீட்ரூட் வகைப் பாலக் நம் வெக்கையை ஓரளவு தாங்கும். வீட்டுக் கொல்லையில் விதைப்பவர்கள் மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் நாள்களில் விதைத்தால், ஐந்தாறு வாரத்தில் முதல் அறுப்பு எடுக்கலாம். வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். குடுமியான்மலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இசைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். ஆனால் அது அண்ணா பண்ணையும், 2014இல் தொடங்கிய அரசு வேளாண்மைக் கல்லூரியும் உள்ள ஊர் என்பதை உள்ளூர்க்காரர்களாவது மறக்கக் கூடாது. கீரை விதைக்கிறவருக்கு வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் பாலக் கிடைக்கவில்லை என்றால்? முளைக்கீரையோ சிறுகீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்து மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கும் முளைக்கீரை இந்தச் சமையலுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. உர்தூ பேசும் ஒருவர் அதை ஆலூ பாலக் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் தட்டைக் காலி செய்துவிடுவார். அகத்திக்கீரை வேண்டாம், கசப்பு முந்திக்கொள்ளும்.

கிழங்கைப் பற்றி ஒரு சொல்

உருளைக்கிழங்கு நம் மண்ணுக்கு விருந்தாளி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்து, ஸ்பெயின்காரர்கள் வழியாகக் கடல் கடந்து வந்தது. நீலகிரியில் அதை 1820களில் அறிமுகம் செய்தவர் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். கடையில் ஊட்டிக் கிழங்கு, வடநாட்டுக் கிழங்கு என்று இரண்டு விலை சொல்வார்கள். வடநாட்டுக் கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்திருந்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். எண்ணெயில் போட்டதும் சீக்கிரம் கருகுவது அதனால்தான். வீட்டில் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் இதே கதை. இருட்டான, காற்றோட்டமான மூலை போதும். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய கிழங்கில் நஞ்சு கூடியிருக்கும். கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியுங்கள். நிறையப் பச்சை என்றால் கிழங்கையே எறிந்துவிடுங்கள்.

செய்முறை

நான்கு பேருக்கு: பாலக் நடுத்தரக் கட்டு இரண்டு, அதாவது ஆய்ந்த பிறகு 400 முதல் 450 கிராம். உருளைக்கிழங்கு நடுத்தரமாக 3, ஏறத்தாழ 300 கிராம். பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் 2. சீரகம் 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் முக்கால் தேக்கரண்டி, மல்லித்தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. எண்ணெய் 3 மேசைக்கரண்டி. உப்பைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

கீரையை நறுக்குவதற்கு முன்பு அலச வேண்டும். நறுக்கியபின் அலசினால் சத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை அமுக்கி அலசி, கையால் தூக்கி வேறு பாத்திரத்தில் போடுங்கள். பாத்திரத்தை அப்படியே சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். மூன்று முறை தண்ணீர் மாற்றினால் போதும். பிறகு நன்றாக உதறி, தண்டையும் சேர்த்து அரை விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். முற்றிய காம்பை மட்டும் ஒடித்துவிடலாம்.

கிழங்கைத் தோல் சீவி, முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். பெரிதாக வெட்டினால் அரை மணிக் கணக்கு தவறிவிடும். தனியாக வேகவைக்க வேண்டாம். வேகவைத்த கிழங்கு கடைசிக் கிளறலில் உடைந்து எல்லாம் களியாகிவிடும். மசாலாவும் உள்ளே இறங்காது.

இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் சீரகத்தைப் பொரியவிட்டு, பூண்டைத் தட்டிப் போடுங்கள். வாசம் வந்ததும் வெங்காயம். அது ஓரம் சிவக்கத் தொடங்கும்போது இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், தூள் வகைகள், தூள் கருகாமல் இருக்க ஒரு கை தண்ணீர், உடனே தக்காளி. இனி அவசரப்படக் கூடாது. தக்காளி கரைந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். உர்தூவில் இதற்கு 'பூன்னா' என்று பெயர். நம் பாட்டிமார்கள் 'சுருள வதக்கு' என்பார்கள், இரண்டும் ஒன்றே. பாகிஸ்தானி வீட்டுச் சமையலின் ருசி முழுவதும் இந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் இருக்கிறது. இங்கே கெடுபிடி செய்துவிட்டுப் பிறகு கரம் மசாலாவை அள்ளிப் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

இப்போது கிழங்கை வடித்துப் போட்டு, மசாலா ஒட்டும்படி இரண்டு மூன்று நிமிடம் பிரட்டி, கால் டம்ளர் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். சிறு தீயில் பத்து நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் கிழங்கு வெந்துவிட்டது. கீரை போட்ட பிறகு வெந்துகொள்ளும் என்று விட்டுவிட்டால், கிழங்கு வேகும்போது கீரை கறுத்திருக்கும்.

கீரையைச் சட்டியில் குவியுங்கள். பார்த்தால் மலை போல இருக்கும், இரண்டு நிமிடத்தில் கைப்பிடியாக வதங்கிவிடும். உப்பை இப்போதுதான் போட வேண்டும். கீரைக் குவியலைப் பார்த்து உப்புப் போட்டவர்கள்தாம் ஊரில் கீரையைக் கரிக்க வைப்பவர்கள். கிழங்குக்கு எவ்வளவோ அதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம், கீரையே தண்ணீர் விடும். மூடியைத் திறந்து வைத்து, தீயைக் கூட்டி, அந்தத் தண்ணீர் வற்றி எண்ணெய் மறுபடி தலைகாட்டும்வரை கிளறினால் ஏழெட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மூடி வைத்தால் கீரையிலிருந்து வெளியேற வேண்டிய புளிப்பு ஆவி உள்ளேயே தங்கி, பச்சை நிறம் சீக்கிரம் மங்கும். தக்காளி சேர்ப்பதால் எப்படியும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். வீட்டுச் சமையலில் அது குறையே இல்லை. நிறத்துக்காகச் சோடா உப்புப் போடுவது மட்டும் கூடாது, கீரையின் உயிர்ச்சத்துகள் அதில் கெடும்.

ஹோட்டலில் பாலக் பனீர் சாப்பிட்டவர்கள் கீரையை வெந்நீரில் போட்டு மிக்ஸியில் அரைத்துப் பாலாடை ஊற்ற நினைப்பார்கள். அது வேறு வகை. இதில் இலை இலையாகத் தெரிய வேண்டும், கிழங்கு துண்டு துண்டாக நிற்க வேண்டும். இறக்கும்போது ஒரு சிட்டிகை காய்ந்த வெந்தயக்கீரையைக் கசக்கித் தூவலாம். கடையில் 'கசூரி மேத்தி' என்று தருகிறார்களே, அந்தப் பெயர் லாகூருக்குத் தெற்கே உள்ள கசூர் என்ற ஊரிலிருந்து வந்தது. இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ரொட்டிக்கு என்றால் இப்படி வறட்சியாகவே இருக்கட்டும். சோற்றுக்கு என்றால் கடைசியில் அரை டம்ளர் வெந்நீர் விட்டு ஒரு கொதி விட்டு இறக்கினால் ஆணம் மாதிரி பிசைந்துகொள்ளலாம். பக்கத்தில் கெட்டித் தயிரும் நறுக்கிய முள்ளங்கியும் இருந்தால் வேறெதுவும் தேவைப்படாது. சைவம் மட்டும் சாப்பிடும் அண்டை வீட்டு நண்பர்கள் வரும் நாளில், என்ன வைப்பது என்று திகைத்துக் கடைக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

கீரை சாப்பிட்டால் இரத்தம் ஊறுமா?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல வேண்டிய நிலையில் நம் மாநிலம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். 'தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது' என்று சொல்லும் மருமகளுக்குக் கீரை ஆக்கிக் கொடுத்துவிட்டு, மாத்திரை சூடு என்று தடுத்துவிடும் வீடுகளை நான் அறிவேன்.

பாலக் 100 கிராமில் இரும்புச்சத்து ஏறத்தாழ 3 மில்லிகிராம் இருக்கிறது. மேலே சொன்ன அளவில் ஒருவர் பங்குக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். வயது வந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அந்த 3 மில்லிகிராமும் முழுதாக உடம்பில் சேராது. செடிகளில் உள்ள இரும்பு கறியில் உள்ளதைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. தக்காளியில் உள்ள வைட்டமின் சி இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. புளிப்பான தக்காளி இரும்புச் சட்டியில் வதங்கும்போது சட்டியிலிருந்தும் சிறிது இரும்பு இறங்கும். இரும்புச் சட்டி என்று நான் எழுதியதற்குக் காரணம் அதுதான்.

இந்த ஆதாயத்தை எல்லாம் ஒரே மூச்சில் கெடுப்பது, சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால், உடம்பில் சேர்வது பாதிக்கு மேல் குறைந்துவிடலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஆகவே கீரை நல்ல உணவு, ஆனால் இரத்தசோகைக்கு மருந்து அன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை இதன் பெயரால் நிறுத்தக் கூடாது. குறிப்பாகக் கர்ப்பிணிகள்.

இன்னும் இரண்டு பேர் கவனிக்க வேண்டும். பாலக்கில் ஆக்ஸலேட் என்ற பொருள் மிகுதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை அடிக்கடி சாப்பிட வேண்டும். இதயக் கோளாறுக்காக வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும் என்பதால், திடீரென்று அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கைப் பாதியாக்கிக் கீரையைக் கூட்டிக்கொண்டு, சோற்றின் அளவையும் குறைத்துக்கொள்ளலாம்.

ரமளானில் ஸஹர் நேரத்துக்கு இதைச் செய்ய நினைப்பவர்கள், இரவே கீரையை அலசி, ஈரம் போக உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். அதிகாலையில் கத்தி வேலை மட்டுமே மிச்சம் இருக்கும். மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள், பகலில் தாகம் அவ்வளவு தெரியாது. மிஞ்சியதை ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் ஒருமுறை மட்டும் சூடாக்கலாம். அதைவிட, கிழங்கை மசித்துவிட்டு அப்படியே கோதுமை மாவில் போட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து பாருங்கள். தேவைப்பட்டால் மட்டும் ஒரு கை தண்ணீர். பத்து நிமிடம் ஊறவிட்டு, கொஞ்சம் தடிமனாகத் தேய்த்து, எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் டப்பாவுக்குப் பராட்டா தயார்.